பெறுமதியும் விலையும்

ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் அரசியல் வாழ்வை அங்கதமாகச் சொல்லலாமா? சொன்னால் நாம் சிரிப்பது யாரைப் பார்த்து?

பரிகாசம் பற்றி சூரத்துல் ஹுஜுராத் விடுக்கும் எச்சரிக்கையை அறிந்தவர்கள் நாம். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்பதே அதற்கு அங்கு காட்டப்படும் நியாயம். லுங்கியும் தொப்பியுமாக வந்து பிழையான மொழி பேசும் வியாபாரியை மேடையிலும் வானொலியிலும் கண்டும் கேட்டும் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதுமல்ல.

கனடாவில் 2007இல் 'எலைஜா' என்றொரு தொலைக்காட்சிப் படம் வெளிவந்தது. எலைஜா ஹார்ப்பர் என்ற பூர்வகுடி அரசியல்வாதியின் கதையை அங்கதச் சுவையோடு சொன்ன படம் அது. மனிடோபா மாகாணத்தின் ரெட் சக்கர் லேக் குடியிருப்பில் பிறந்த ஹார்ப்பர், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த விடுதிப் பாடசாலைகளில் படித்தவர். 1981இல் மாகாணச் சட்டசபைக்குத் தெரிவானார்.

1987இல் பிரதமர் பிரையன் மல்ரோனியும் பத்து மாகாண முதல்வர்களும் கூடி, கியூபெக்கைத் தனித்துவமான சமூகமாக அங்கீகரிக்கும் மீச் லேக் உடன்படிக்கையை உருவாக்கினார்கள். பூர்வகுடிகளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. 1990 ஜூன் 23க்குள் எல்லா மாகாணங்களும் அதை ஏற்க வேண்டும். மனிடோபாவில் நாள் போதவில்லை. முன்னறிவித்தலையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பதையும் தவிர்ப்பதானால் சபையின் ஏகமனதான சம்மதம் வேண்டும். ஹார்ப்பர் கையில் கழுகின் இறகோடு இருந்து 'இல்லை' என்றார். அடுத்தடுத்த நாட்களிலும் அதையே சொன்னார். நியூஃபவுண்ட்லாந்தும் வாக்கெடுப்பைக் கைவிட, உடன்படிக்கை காலாவதியானது.

இதில் அங்கதத்தை யாரும் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை. யாரைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டார்களோ, அவரின் ஒரு சொல்லுக்காக நாடே காத்திருந்தது. அதுவும் அவர்களே எழுதிவைத்த விதியினால். இங்கே சிரிப்புக்குரியவர் ஹார்ப்பர் அல்லர்.

நம் மொழியில் இதற்கு அருகில் வருவது மடோன் அஷ்வினின் 'மண்டேலா'. 2021 ஏப்ரலில் அதுவும் தொலைக்காட்சியில்தான் முதலில் வெளியானது. வீட்டு முன்வாசலுக்கே அனுமதிக்கப்படாத, சொந்தப் பெயர்கூட இல்லாத ஒரு முடிதிருத்துபவர். தபாலகத்தில் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் கிடைக்கிறது. பிறகு வாக்கும் கிடைக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் இரு தரப்பும் சரிசமமாக நிற்க, அவரது ஒரு வாக்கே வெற்றியை நிர்ணயிக்கும் என்றாகிறது. நேற்றுவரை இழிவாக நடத்தியவர்கள் பரிசுகளோடு ஓடிவருகிறார்கள். வேறு படங்களில் யோகி பாபுவின் தோற்றத்தைச் சொல்லியே சிரிக்கவைப்பார்கள். இங்கே அவரை மதிக்காதவர்களே சிரிப்புக்கு ஆளாகிறார்கள். ஆயினும் முடிதிருத்தும் தொழிலாளர்களிடமிருந்து இப்படத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. சிரிப்பின் இலக்கு யார் என்பதைப் படைத்தவர் மட்டுமே தீர்மானித்துவிட முடியாது என்பதை அது நினைவூட்டியது.

ஆனால் இவ்விரு கதைகளிலும் எனக்கு இன்னொரு நெருடல் உண்டு. தராசின் இரு தட்டுகளும் சமமாக நின்றதால்தான் அந்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நூறு வாக்கு வித்தியாசம் இருந்திருந்தால் மண்டேலா மரத்தடியிலேயே கிடந்திருப்பார். மற்றவருக்குத் தேவைப்படும்போது மட்டும் ஒருவருக்கு வருவது விலை. தேவைப்படாத நாளிலும் அவரிடம் இருப்பதே பெறுமதி. இரண்டும் ஒன்றல்ல.

'தீர்மானிக்கும் சக்தி' என்ற சொற்றொடர் நமக்கு மிகவும் பழக்கமானது. 1994 பொதுத் தேர்தலில் ஏழு ஆசனங்களோடு முஸ்லிம் காங்கிரஸ் ஆட்சியமைக்கத் துணைநின்றது. தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம்மவர்கள் அக்காலத்தை இன்றும் பெருமையோடு நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் அது அடுத்தவர்களின் பெரும்பான்மை குறைந்ததால் வந்த பலம். அவர்களுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கும் நாளில் நமது நியாயங்கள் நியாயமற்றுப் போய்விடுமா?

எந்தத் தேர்தலிலும் தட்டு சமமாக நிற்காத சமூகமொன்றும் நம் அருகிலேயே இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர், வெருகல் பக்கங்களில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்கள். அரச பதிவுகளில் அவர்களில் பலர் வெறுமனே தமிழர்கள். ஒரு தேர்தலுக்கு மறுநாள் மூதூர் இறங்குதுறையில், தேன் விற்க வந்த முதியவர் ஒருவரிடம் நம் பையன்கள் "அப்பச்சி, வோட்டுப் போட்டீங்களா?" என்று கேலியாகக் கேட்டார்கள். அவர் போத்தலைத் துடைத்தபடியே, "போட்டன் மகன். எண்ணினதாரு எண்டுதான் தெரியா" என்றார். பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு அவர்களுடையது, அங்கதம் அவருடையது.

இந்தக் கரையிலிருந்து ஒரு வேடரின் அரசியல் வாழ்வை யாரேனும் ஒருநாள் படமாக எடுக்கக்கூடும். அதில் நையாண்டி இருக்கட்டும். அந்த முதியவரைப் போன்றவர்களுக்கு அது நன்றாகவே கைவரும். ஆனால் அவரது வாக்கு வெற்றியை நிர்ணயிக்காத கதையாக அது அமைய வேண்டும். எண்ணிக்கையில் எதையும் மாற்றாத ஒருவரை நாம் எப்படி நடத்தினோம் என்று கேட்கும் படமாக இருந்தால், சிரிக்கும் நம்மில் பலர் அதில் நம்மையும் பார்ப்போம்.