கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தயாரா என்று பார்க்க நம் ஊர்களில் ஒரு சோதனை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்துப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. எட்டவில்லையென்றால் அடுத்த வருஷம் வா. பிறப்புச் சான்றிதழ் எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில் வாத்தியார்கள் வயதைக் கணிக்க வைத்திருந்த வழி அது. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: அந்தச் சோதனைக்குப் பிள்ளையைத் தயார் செய்ய முடியாது. கை நீள்வதற்குக் கோச்சிங் கிடையாது. பெரியவர்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மூன்றரை வயதில் எல்கேஜி. செக்காலையில் மே மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு ஒத்திகை நடக்கிறது. ஷூ மாட்டுவது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பது, கலர் பெயர்களை இங்கிலீஷில் சொல்வது. ஒன்னுக்கு வந்தால் "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று கேட்பது. இது கடைசியில் வருகிறது, ஆனால் முதலில் கவலைப்பட வேண்டியது இதுதான். அவசரத்தைத் தன் மொழியில் சொல்லக்கூடாது என்பதுதான் ஒரு பிள்ளை பள்ளியைப் பற்றிக் கற்கும் முதல் பாடம் என்றால், அதைத் தயாரிப்பு என்று எப்படிச் சொல்வது?

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் நடைமுறை எதுவும் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். நான் போன ஒரு பள்ளியில் அதற்கு 'இன்டராக்‌ஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் மாறியதும் அது வேறு பொருளாகிவிடுகிறது. சட்டம் 'குழந்தை' என்று வரையறுப்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை என்பதால் எல்கேஜிக்கு இது பொருந்துமா என்று வாதாட இடமும் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

முதல் நாள் கேட்டில் சொல்லும் பொய்யைப் பற்றி.

"பிள்ளை அங்கிட்டுத் திரும்பையில கெளம்பிருப்பா. கேட்டா, கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லு" என்றார் அம்மா, என் மகளின் அப்பத்தா. அவரது வாதம் பலவீனமானதல்ல. உண்மையைச் சொன்னால் பிள்ளை அழும், பார்த்து நீயும் கலங்குவாய், டீச்சருக்கு இன்னும் இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். பொய் சொன்னால் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

வள்ளுவரும் அப்பத்தா பக்கம்தான் என்று தோன்றும். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்க்கும் மெய்யின் வரிசையில் இடம் கொடுக்கிறது. ஒளிந்திருப்பவனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதிய காண்ட்டைவிட இது பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒத்துவரும் அறம். ஆனால் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனையைப் பாருங்கள். நன்மை மட்டும் போதாது, அதில் மாசு இருக்கக்கூடாது. கேட்டுப் பொய்யின் மாசு இரண்டாவது நாள் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஜூன் முழுவதும், அவன் அப்பா நிஜமாகவே பால் வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்குக் 'கடை' என்ற சொல்லின் அர்த்தம் மாறிவிட்டது. அப்பா காணாமல் போகும் இடம் அது.

அழுகை அடங்கிவிடுகிறதே என்பார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் லண்டனில் ஒரு படம் எடுத்தார். இரண்டரை வயது நிறையாத ஒரு சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அம்மா கூடத் தங்கவில்லை. அந்தக் காலத்து மருத்துவர்கள், பிள்ளை அமைதியானால் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் அந்த அமைதிக்கு வேறு பெயர் கொடுத்தார்கள்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, பிறகு விலகல். மூன்று மணி நேர எல்கேஜியை எட்டு நாள் ஆஸ்பத்திரியோடு ஒப்பிடுவது மிகை, ஒப்புக்கொள்கிறேன். அடங்குவது வேறு, பழகுவது வேறு என்பதற்கு மட்டும் அந்தப் படம் போதும்.

சரி, உண்மையைச் சொல்ல என்ன ஆகும்? நேரம் ஆகும். ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது நாள்தான் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு இது முடியும். கட்டிட வேலைக்குப் போகிற அம்மாவுக்கு நான்கு நாள் என்பது நான்கு நாள் கூலி. பொய்யைக் குறை சொல்வது சுலபம். உண்மை பேசுவதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல.

ஆனால் அந்த அம்மாவின் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை நாம் சத்துமாவு, முட்டை என்றே நினைக்கிறோம். அது செய்யும் இன்னொரு காரியம் கண்ணில் படுவதில்லை. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே எடை போட அங்கே தூக்கிப் போகிறார்கள். அம்மா மாவு வாங்கப் போகும்போது இடுப்பில் போகிறது. டீச்சர் பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண். மூன்று வயதில் உள்ளே உட்காரும்போது அது புது இடமே இல்லை. எனவே கேட்டில் சொல்ல பொய்யும் தேவைப்படுவதில்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது இங்கிலீஷ் வருமா வராதா என்றுதான் பேசினோம்.

மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தார். போர் வந்ததும் இத்தாலியர் என்பதால் திரும்பிப் போக முடியவில்லை. அந்த வருஷங்களில் சில நம் பக்கத்துக் கொடைக்கானலில் கழிந்தன. அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்குக் கொண்டுவந்த கல்வி நிறுவனங்களில் ஒன்றின் பெயரிலும் மாண்டிசோரி இருக்கிறது. ஊரில் அந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. அவர் சொன்னதில் பாதிதான் நினைவில் நின்றிருக்கிறது. தயார் செய்யப்பட வேண்டியது சூழல் என்றார் அவர். பிள்ளையின் உயரத்துக்கு அலமாரி, பிள்ளை தூக்கும் எடையில் நாற்காலி. பட்டன் போடப் பழக ஒரு சட்டமும் வைத்தார், ஆனால் யூனிஃபார்முக்காக அல்ல. பட்டன் போடுவதே அந்த வயதில் ஒரு பெரிய காரியம் என்பதற்காக.

மகளிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "அப்பா வீட்டுக்குப் போறேன். நீ ஸ்நாக்ஸ் சாப்பிட்டு, கதை கேட்டு, ப்ரேயர் சொன்னதும் கேட்ல நிப்பேன்." பன்னிரண்டே கால் என்றால் அவளுக்குப் புரியாது. ஸ்நாக்ஸ் புரியும். அழுதாள், நிறையவே. அப்பத்தா என்னைப் பார்த்த பார்வையில் 'நான் அப்பவே சொன்னேன்' இருந்தது.

அப்படிச் சொன்னபின் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது. அலுவலகக் காலண்டரில் 12 முதல் 12.45 வரை 'கேட்' என்று போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். எம்.டெக். சேர நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நினைத்து மேனேஜர் வாழ்த்துச் சொன்னார்.