தண்ணிதானே, என்ன கெடுதல்?

கல்யாண வீட்டு ஆரத்தியைப் பார்க்காதவர் உண்டா? மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கலக்கினால் குங்குமச் சிவப்பாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். சுற்றி முடித்ததும் வாசலில் கொட்டுவார்கள். யாரும் மருந்து என்று குடிப்பதில்லை.

ஏறத்தாழ இதே வித்தையைக் காட்டி, லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லி இயந்திரம் விற்கிறார்கள். ஆல்கலைன் வாட்டர். குழாய்த் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் காரத்தன்மையைக் கூட்டுமாம். இரண்டு தம்ளரிலும் சொட்டு மருந்து விடுவார்கள். ஒன்று மஞ்சளாகும், மற்றது ஊதாவாகும். 'பாத்தியளா?' என்பார் வந்தவர். சர்க்கரை இறங்கும், மூட்டுவலி போகும், புற்றுநோய் அண்டாது. இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கிடைத்தது என்று ஒரு போடும் போடுவார். ஓட்டோ வார்பர்க் 1931ல் நோபல் வாங்கியது உண்மை. ஆனால் அது உயிரணுக்களின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. தண்ணீருக்கு அல்ல.

நம் ரத்தத்தின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில். நுரையீரலும் சிறுநீரகமும் இரவுபகலாக அதைக் காவல் காக்கின்றன. காரத்தண்ணீர் உள்ளே போனதும் முதலில் சந்திப்பது இரைப்பையின் அமிலத்தை. கதை அங்கேயே முடிந்தது. தண்ணீரைக் காரமாக்க ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போதும், லட்சம் எதற்கு?

முக்கடல் அணைத் தண்ணீர் நாகர்கோவில் குழாய்க்கு வருகிறது. குடிநீரில் கலக்கும் குளோரின் காலராவைத் தடுக்கும் என்று யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. அதில் கமிஷன் கிடையாதே!

'தண்ணிதானே, என்ன கெடுதல்?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கெடுதல் தண்ணீரில் இல்லை. அதை நம்பி நிறுத்தும் மாத்திரையில் இருக்கிறது. சர்க்கரை நோய் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்னும். மாத்திரையை நிறுத்திய முதல் மாதம் பலருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மாதத்தை வைத்துத்தான் 'குடிச்ச பொறவு நல்லாருக்கு' என்று சாட்சி சொல்ல வைக்கிறார்கள்.

விற்பவரும் முன்பின் தெரியாத லேகியக்காரர் அல்ல. சித்தப்பா மகன், மைனியின் தம்பி, கூடப் படித்தவன். விற்றால் கமிஷன், கீழே ஆள் சேர்த்தால் அதிலும் கமிஷன். 'அத்தான், நானே குடிக்கேன், பொய் சொல்லுவனா?' பொய்யில்லைதான். மனதார நம்புகிறான்.

மனதார நம்பிவிட்டால் குற்றம் இல்லையா? 1877ல் டபிள்யூ.கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கப்பல் முதலாளியின் கதை சொன்னார். கப்பல் பழசு, சந்தேகம் வருகிறது. பழுது பார்த்தால் செலவு. 'இத்தனை தடவை போய்வந்ததுதானே' என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, முழு நம்பிக்கையோடு ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் விசாரிக்காமல் நம்ப அவருக்கு உரிமை இல்லை என்றார் கிளிஃபோர்ட். கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றார்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. சொந்தக்காரன் முகம் வாடுமே என்று தலையாட்டுகிறோம். நாம் தலையாட்டியதைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் அத்தை மாத்திரையை ஓரம் வைக்கிறாள். மிஷின் வாங்குவது அவரவர் காசு. 'டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க' என்று அந்த இடத்திலேயே, அவன் காதிலும் விழும்படி சொல்வது நம் பொறுப்பு. முகம் வாடினால் வாடட்டும்.