ஏழா, மூன்றா?

ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் வாங்குவது என்று முடிவான பிறகு ஒரே கேள்விதான் மிச்சமிருந்தது. 7 நானோமீட்டரா, 3 நானோமீட்டரா? "கண்ண மூடிக்கிட்டு மூணு வாங்கு" என்றான் நண்பன். விலைதான் இடித்தது.

விஷயம் எளிது. ரோசெட் போன்ற நெபுலாவில் இருக்கும் ஹைட்ரஜன், 656.3 நானோமீட்டரில் ஒரு குறிப்பிட்ட சிவப்பை உமிழ்கிறது. நம் தெருவின் எல்.இ.டி. விளக்கோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. ஃபில்டர் அந்தச் சிவப்பைச் சுற்றி ஒரு சின்னச் சந்தை மட்டும் திறந்து வைக்கிறது. சந்து குறுகக் குறுக ஊர் வெளிச்சம் குறையும். நெபுலாவின் ஒளி ஏறக்குறைய அப்படியே வந்து சேரும். எஃப்/2 போன்ற வேகமான லென்ஸில் ஒளி சாய்ந்து நுழைவதால் சந்தே கொஞ்சம் இடம் மாறிவிடும். அங்கே 3 ஆபத்து. என்னுடையது எஃப்/5. மூன்றையே வாங்கினேன்.

ஜனவரியில், சென்னை மொட்டைமாடியிலிருந்து, ஐந்தைந்து நிமிடமாக 24 படங்கள். அவற்றை ஒன்றாக அடுக்கியதும் ரோசெட் எழுந்து வந்தது. வானில் முழுநிலவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமானது அது. அத்தனை நாளும் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

கீழ்வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, படத்தைப் பார்த்தாள்.

"நம்ம மாடிலேர்ந்தா எடுத்தீங்க?"

"ஆமா."

"எங்க இருக்கு, காட்டுங்க."

விரலை நீட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். சாம்பல் நிற வானம். "சும்மா சொல்றீங்கண்ணா."

படம் பொய்யில்லை. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது சில தனிக்கோடுகளே தெரிந்தன. அது வாயு என்று அப்போதுதான் புரிந்தது. அதில் ஒரு பச்சைக் கோட்டுக்குக் காரணம் புதுத் தனிமம் என்று எண்ணி 'நெபுலியம்' எனப் பெயரும் வைத்தார்கள். 1927-இல் ஐரா போவன், அது எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். குறுக்கிப் பார்த்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்தோம்.

ஆனால் ஃபில்டருக்கு எது விளக்கு, எது விண்மீன் என்று தெரியாது. விண்மீன் ஒளியும் எல்லா நிறத்திலும் பரவியதே. ஆகவே கார்த்திகை மீன்களைச் சுற்றிய நீலத்தூசு, ஆண்ட்ரோமெடா, பால்வீதி எல்லாவற்றின் பெரும்பங்கையும் ஊர் வெளிச்சத்தோடு சேர்த்தே அது தள்ளிவிடுகிறது. இருட்டான ஊரிலும் ரோசெட்டின் சிவப்பு வெறுங்கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் பால்வீதி தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குக் காட்ட என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.

ஃபில்டர் வாங்கும் முன் ஒரு கடிதம் பாதி எழுதி வைத்திருந்தேன். எதிர் அடுக்ககத்தின் ஃபிளட் லைட் வானத்தைப் பார்த்தே எரிகிறது, கொஞ்சம் கீழே திருப்புங்கள் என்று. ஃபில்டர் வந்த நாளிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குத் தண்ணி கேன் வர ஆரம்பித்ததும் தெருக்குழாயை மறந்துபோகிறோமே, அதே கதைதான். என் பிரச்சினை தீர்ந்ததும் அது பிரச்சினையே இல்லை என்று ஆகிவிட்டது.

விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள் அந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறார்கள். ஆனால் மேலே போகும் ஒளி அவர்களுக்கும் உதவவில்லை, எனக்கும் உதவவில்லை. ஏழா மூன்றா என்று வாரக்கணக்கில் யோசித்த எனக்கு, இதை யோசிக்க ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை.

போன வாரம் கடிதத்தை முடித்தேன். கீழ்வீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன்.

"விளக்க மூடணும்னு எழுதினா அணைக்கச் சொல்றீங்கன்னு சண்டைக்கு வருவாங்க" என்றாள். "ஒரு தொப்பி போடணும்னு எழுதுங்கண்ணா."

மாற்றி எழுதினேன்.