ஓநாயும் புறம்போக்கும்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்கிற பழமொழியில் ஓநாயைப் பற்றி ஒன்றுமே கிடையாது. இருப்பது மனித வஞ்சகம்; அதற்கு வேஷம் கட்ட ஒரு மிருகம் தேவைப்பட்டது. இன்று நிலைமை புரண்டுவிட்டது. ஓநாய் அழிகிறதே என்று நாம் அழுகிறோம். இந்த அழுகையின் தார்மீகம் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிறன்று, மனைவி மகளோடு ஒரகடத்திலிருந்து வண்டலூர் போனேன். 1855-ல் சென்னையில் ஆரம்பித்து 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா. ஓநாயின் அடைப்புக்கு முன்னால் நின்றவர்கள் 'பாவம்' என்றார்கள். யாருக்கும் காலணா செலவு வைக்காத சொல். 'வெளியில இருந்தா பாவம்னு சொல்லுவாங்களா?' என்றாள் மனைவி. பிரச்னையின் மையம் இதுதான்.

இந்திய ஓநாய்க்கு அடர்காடு தேவையில்லை. புல்வெளி, முட்புதர், மேய்ச்சல் தரை — மனிதனும் ஆடும் நடமாடுகிற இடம்தான் அதன் இடம். எஞ்சியவை சுமார் 3,000, புலியைவிடக் குறைவு. 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டம் ஓநாயை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. அது வாழும் தரையோ ரெவின்யூ பதிவேட்டில் தரிசு, புறம்போக்கு. மிருகத்துக்கு உச்ச மதிப்பு, தரைக்குப் பூஜ்யம். தரிசு என்ற சொல்லே ஒரு தீர்ப்பு: விளையாதது, ஆகவே யாருக்கும் வேண்டாதது, ஆகவே எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். தொழிற்பேட்டைக்கு எடுக்கலாம், காடு வளர்ப்பதாகச் சொல்லி மரம் நட்டுப் புல்லை ஒழிக்கலாம். எங்கள் ஒரகடத்தில் மாடுகள் சாலையின் நடுத்திட்டில் மேய்கின்றன.

வங்கி மேஜையிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. கடனில் வாங்கிய ஆட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆடு செத்தால் காதுவில்லையைக் காட்டவேண்டும். வில்லை இல்லையேல் தொகை இல்லை. ஓநாய் தூக்கிப்போன ஆட்டின் காதை எங்கே தேடுவது? ஓநாய் உயிரோடிருப்பதற்கான விலையை மேய்ப்பவர் தருகிறார். அழுகை மட்டும் நம்முடையது. விலை ஆட்டோடு நிற்பதுமில்லை. 2024-ல் உத்தரப் பிரதேசத்து பஹ்ராய்ச் மாவட்டத்தில் ஓநாய்த் தாக்குதல்களில் குழந்தைகள் மாண்டார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் எல்லா உயிரும் சமம் என்பது வெறும் திமிர்.

கருணையையும் மதிப்பையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். கருணை, பலமுள்ளவன் பலமற்றதற்குப் போடுவது. அது முளைக்க ஒரு கூண்டு வேண்டும். நமக்கு இடைஞ்சல் செய்யக்கூடிய ஒன்றின் இருப்பை அதன் விலையோடு ஒப்புக்கொள்வதும், அந்த விலையை ஆட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டாமல் பங்குபோட்டுக்கொள்வதும்தான் மதிப்பு.

பூங்கா ஓநாயின் வம்சத்தைக் காப்பாற்றலாம், அது தேவையும்கூட. ஆனால் ஆடும் தரையும் ஆட்டுக்காரரும் இல்லாத இடத்தில் ஓநாய் வெறும் மாதிரிதான். முதலில் காப்பாற்ற வேண்டியது மேய்ச்சல் தரையை. அதைத் தரிசு என்று எழுதுவதை நிறுத்துவது அதற்கு ஆரம்பம்.