சோர்வும் இம்சையே

கொல்லும் எண்ணம் சிறிதுமின்றி, உயிர் காக்க முனைந்த கையாலேயே ஓர் உயிர் போகுமாயின், அஃது இம்சையாகுமா?

மதுரையை அடுத்த அழகர்கோவில் மலைத்தொடரில், கிடாரிப்பட்டிக்கு அருகிலுள்ள குகைத்தளத்தில் நம் முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகளைக் காண்கிறோம். மதுரைப் பொன் வணிகரும் உப்பு வணிகரும் அளித்த கொடையைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இன்றும் கூறுகின்றன. நான்கு முழ நிலம் நோக்கி அடிவைப்பது அம்முனிவர்தம் ஈர்யா சமிதி. அங்ஙனம் நடந்தும் சிற்றுயிர் காலடியில் பட்டு இறப்பின் வினைக்கட்டு இல்லை. நோக்காது நடந்தவனுக்கோ, எவ்வுயிரும் இறவாதபோதும் குற்றமுண்டு என்பது நம் ஆசாரியர்தம் முடிபு. உமாஸ்வாமி ஆசாரியரும் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதம் எனும் சோர்வையே முன்வைத்தார்.

இதனை மருத்துவத்தில் பொருத்திப் பார்ப்போம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பெற்ற நான்கு பச்சிளங் குழந்தைகள் இறந்தன. தமிழகமே கலங்கியது. அதன்பின் மருத்துவர் உள்ள சுகாதார நிலையங்களிலேயே தடுப்பூசி போடும் முறை வந்தது.

சிரியா நாட்டின் இத்லிப் பகுதியில் 2014 செப்டம்பரில் இதே தடுப்பூசித் திட்டத்தில் 15 குழந்தைகள் மாண்டனர். தட்டம்மை மருந்து தூளாக வரும். அதற்குரிய நீர்மத்தைக் கலந்தே ஊசி போடுவர். அந்நீர்மத்திற்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் அட்ராகூரியம் கலந்ததே பெரும்பாலும் காரணம் என உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து கூறியது. ஒரு நிலையத்தின் குளிர்பெட்டியில் தடுப்பூசியோடு அம்மருந்தும் வைக்கப்பட்டிருந்தது.

இங்கு ஊசி போட்ட கையை மட்டும் குற்றஞ்சாட்டி அமைவோமா? நஞ்சும் மருந்தும் ஒரே பெட்டியில் இருந்த முந்தைய நாளில் எக்குழந்தையும் இறக்கவில்லை. ஆயினும் நம் அறநூற்படி அன்றே இம்சை தொடங்கிவிட்டது. ஆகவே ஆராய்ச்சியும் அந்நாளிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தீங்கு நேராமல் தப்பிய பிழைகளையும் எழுதிவைத்து ஆராய்தல் வேண்டும்.

குற்றவாளியைத் தப்பவிடும் வழியன்றோ இது எனச் சிலர் வினவலாம். அன்று. மருத்துவரின் மிகக் கொடிய அலட்சியம் குற்றமே என உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வரையறுத்தது. அத்தகையோரைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் ஒருவரைச் சிறையிலிட்டதனால் குளிர்பெட்டி ஒழுங்காகிவிடாது.

முனிவர் தம் பிழையைக் குருவின்முன் மறையாது உரைப்பது ஆலோசனை. அதனின்று மீள்வது பிரதிக்கிரமணம். மருத்துவமனைக்கும் இவ்விரண்டும் வேண்டும். அச்சத்தால் மறைத்த பிழை அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கும். மகவை இழந்த தாய்க்கு உண்மையை உரைப்பதே நாம் செய்யக்கூடிய முதற் கழுவாய்.