காணாததைக் கருதும்போது

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால், ஊட்டிக்கு அருகே முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. இணையாக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளே அதன் முகம். சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தேர்ந்த இடம் இது. 1970-ல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றை நிலா மறைக்கும்போது அதன் ரேடியோ அலை எப்படித் தேய்கிறது என்று இங்கே பதிவு செய்தார்கள். மறையும் விதத்திலிருந்து மண்டலத்தின் அளவு தெரிந்தது. 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் இந்த அளவுகளைக் கொண்டு, பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை, மாறி வந்திருக்கிறது என்று காட்டினார்கள். அந்த மண்டலங்களின் நடுவில் இருந்து அவற்றை இயக்குபவை பெருநிறைக் கருந்துளைகள்.

ஸ்வரூப் புனே அருகே பின்னர் எழுப்பிய ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, இன்று அந்தக் கருந்துளைகளின் வரலாற்றையே தேடுகிறது. இரண்டு மண்டலங்கள் மோதி இணைந்தால் அவற்றின் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும். வெளியே ஈர்ப்பலைகளை அனுப்பும். ஓர் அலை கடந்து முடிய ஆண்டுகள் ஆகும். அது கடக்கையில், பல்சர்கள் எனப்படும் சுழலும் விண்மீன்களின் சீரான ரேடியோ துடிப்புகள் நமக்கு வந்துசேரும் நேரம் மிக நுண்ணிய அளவில் முன்பின்னாகும். 2023 ஜூன் 29-ல் ஐரோப்பிய, இந்தியக் குழுக்கள், 25 பல்சர்களின் சுமார் 25 ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, அந்த அலைகளுக்குச் 'சான்று' இருப்பதாக அறிவித்தன. 'கண்டுபிடிப்பு' என்று சொல்லவில்லை.

இந்த நிதானத்தை ஆன்மிக அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நடராசர் ஆடும் பேரூரை மேலைச் சிதம்பரம் என்று போற்றும் கொங்கு நாட்டில், இப்படியொரு செய்தி வந்தால் 'இதை நம் முன்னோர் அப்போதே சொன்னார்கள்' என்ற பேச்சும் கூடவே எழுகிறது. பக்தியில் பிறக்கும் பேச்சுதான். ஆனாலும் அது சைவ சித்தாந்தத்துக்கே நியாயம் செய்யவில்லை.

சைவ சித்தாந்தம் அளவையை, அதாவது அறியும் வழியை, முதலில் பேசுகிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் வைத்து வாதிடுகிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முதல் சூத்திர வாதம். விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் அந்த நடையைத்தான் பல்சரைப் பார்ப்பவரும் நடக்கிறார். ஒப்புமை அதுவரைதான். சித்தாந்தத்தில் பதியை, அதாவது இறைவனை, உயிரின் அறிவால் எட்ட முடியாது. அவன் அருளால் மட்டுமே அறிய முடியும். அருளுக்குரிய இடத்தில் தரவைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், தரவு திருத்தப்படும் நாளில் இறைவனும் ஆட்டம் காண்பான். பல்சர்களில் தெரிவது கருந்துளை இணைகளின் ஓசையா, ஆதிப் பிரபஞ்சத்தின் வேறொரு மிச்சமா என்பது இன்னும் முடிவாகவில்லை. உலகக் குழுக்கள் தங்கள் பதிவுகளை ஒன்றாக இணைத்துவருகின்றன. அதிலிருந்து எந்தப் பதில் வந்தாலும் பேரூர் அன்பரின் வழிபாட்டுக்கு அதனால் குறைவில்லை.