தேரடியில் ஓர் இடம்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கரையில், தந்தையை இழந்தவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத் தீர்த்தமாடுகிறார்கள். போரில் காணாமல் போனவரின் மகனுக்கு மட்டும் தடுமாற்றம். தர்ப்பணம் செய்தால் அப்பா இல்லையென்று தானே முடிவு கட்டியதாகிவிடும். செய்யாவிட்டால் பிள்ளைக்கடன் நிற்கும். வீட்டிலே அம்மா பொட்டை அழிக்கவில்லை. படலைச் சத்தம் கேட்டால் எந்நேரமும் எழுந்துபோய்ப் பார்க்கிறாள். 2009 மே மாதத்தில் போர் முடிந்ததாம், அவளுக்கு முடியவில்லை.

அயலில் அவளுக்கு ‘விசர்’ என்று பெயர். சனம் கொடுமைக்காரர் அல்லர், பயந்தவர்கள். அந்தப் பெயர் ஒட்டிய வீட்டுக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்? அதனால்தான் மனநலக் கிளினிக் துண்டு சேலைகளுக்கு அடியில் ஒளிந்துகிடக்கிறது. செய்வினை என்று சொல்லிவிட்டால் மானமாவது மிஞ்சும். கோயிலில் சந்நிதி முன்னால் அவள் விம்மி அழும்போது பக்தி என்கிறோம். அதே அழுகை முற்றத்தில் கேட்டால் கதவைச் சாத்துகிறோம்.

நல்லூர்த் தேரடியில் கந்தலோடு இருந்து, போவோர் வருவோரை ஏசிய செல்லப்பா சுவாமியையும் விசரன் என்ற ஊர்தான் இது. அவருடைய சீடராகத்தான் ஞானி யோகர் சுவாமி வந்தார். இதைக் காட்டி நோயை ஞானமென்று கொண்டாட வேண்டாம். அது கைவிடுவதில் இன்னொரு வகை. நித்திரை தொலைந்தவளுக்கு மருந்து வேண்டும். ஆனாலும் தேரடியில் செல்லப்பா சுவாமிக்கு இருக்க ஓர் இடம் இருந்தது. நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தந்த இந்த மனக்காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று எழுதினார். சிகிச்சையில் அவரவர் சமயத்துச் செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார். காயம் ஊருடையதென்றால், வெட்கம் மட்டும் ஒரு வீட்டுக்கு எப்படி உரியதாகும்?

திருவிழாவில் உபயகாரர் பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். தொலைந்த சங்கிலிக்கும் அறிவித்தல் உண்டு. மனநலக் கிளினிக் எந்த நாள் என்பதையும் அதோடு சொன்னால் சுவாமி கோபிக்கப் போவதில்லை. கோயிலே சொல்லிவிட்டதென்றால், அவளைக் கூட்டிக்கொண்டு போக அயலில் ஒருத்தியாவது முன்வருவாள். கிளினிக் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியவளும் அந்த ஒருத்திதான்.